திங்கள், புதன், வெள்ளி

தவக்காலக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஆயர் அவர்களே, மூட்டுவலியையும் மூச்சிரைப்பையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே, அடுப்படி வேலையை அப்படியே நிறுத்திவிட்டுச் சேலையூரிலிருந்தும் செம்பாக்கத்திலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பந்தலும் மைக்செட்டும் போட்டுக்கொடுத்துவிட்டு, நான் எப்போது முடிப்பேன் என்று புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கும் அமீருதீன் பாய் அவர்களே, உங்கள் அனைவரையும் அன்போடு வணங்குகிறேன்.

நான் போதகன் அல்லன். தாம்பரத்தில் காசநோய் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்தவன். ஆயிரமாயிரம் நெஞ்சுகளைப் படம் பிடித்தவன். ஆனால் நெஞ்சிலே இருக்கும் வஞ்சத்தைப் படம் பிடிக்க எந்தக் கருவியும் என்னிடம் இருந்ததில்லை.

ஆண்டவர் சிலுவையிலே உயிரைக் கொடுத்தார். தம்மை அறைந்தவர்களையே மன்னித்தார். நம்புகிறோம், பாடுகிறோம், கண்ணீர் விடுகிறோம். நான் கேட்கிறேன், அந்த மன்னிப்பு ஒரே ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டதா? திங்கட்கிழமை காலையில், குழாயடியில், பால் பூத்தில், பக்கத்து வீட்டு வாசலில் அதற்கு வேலை உண்டா, இல்லையா?

உண்டு என்று எனக்குக் காட்டியவர் செம்பாக்கத்தில் ஏரிக்கு அருகே குடியிருக்கும் செல்வமேரி. ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். அவர் கதையைச் சொல்கிறேன். அவரிடமும், கதையில் வரும் இன்னொரு அம்மாவிடமும் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் செல்வமேரியின் கணவர் தேவசித்தத்துக்குக் காசநோய். அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே வீட்டில் இருந்த காலம். தம்பி மனைவி கிருபா பயந்துபோனார். முதலில் தேவசித்தத்தின் தட்டையும் டம்ளரையும் வாசலுக்கு வெளியே வைத்தார். அப்புறம் பாயை வெளியே வைத்தார். ஒருநாள் செல்வமேரி கடைக்குப் போய் வருவதற்குள் துணிமூட்டையையும் தையல் மிஷினையும் தெருவில் வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்தபடியே சொன்னாராம்: "எனக்குச் சின்னப் புள்ளைங்க கீதுங்கக்கா. நீங்க வேற வூடு பாத்துக்கங்க."

மூன்று தெரு தள்ளி ஒரு அறை கிடைத்தது. மனம் உடைந்த மனிதர் மாத்திரையைப் பாதியில் விட்டார். நாலே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குத் தம்பி வந்தார். கிருபா வரவில்லை.

அதற்குப் பிறகு செல்வமேரி ஒரு காரியம் செய்தார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "மாத்திரை குடுக்குற வேலைக்கு ஆள் வேணும்னாங்களே சார், நான் குடுக்கறேன்" என்றார். காசநோய்க்காரர்கள் முதல் இரண்டு மாதம் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் செல்வமேரியின் வீட்டுக்கே வருவார்கள். ஒரு வேளைக்கு ஏழு மாத்திரை. தண்ணீர் கொடுத்து, கண்ணெதிரே விழுங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதுதான் வேலை. தன் புருஷனைப் போல இன்னொருவர் பாதியில் விட்டுவிடக் கூடாதே என்ற தவிப்பு அந்த அம்மாவுக்கு.

மூன்று வருடம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு மருந்துப் பெட்டி வந்தது. மேலே நோயாளியின் பெயர். கிருபா.

முன்வரிசையில் ஒரு அம்மா "அடப்பாவமே" என்கிறார்கள். ஆமாம் தாயே, ஆனால் செல்வமேரி அப்படிச் சொல்லவில்லை. "நல்லா வேணும்னு நெனச்சேன் சார்" என்று என்னிடமே சொன்னார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை.

இருந்தாலும் மாத்திரையைக் கொடுத்தார். பேசாமல் கொடுத்தார், முகம் பார்க்காமல் கொடுத்தார். அதைச் செல்வமேரி சபையிலே சாட்சியாகச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். மன்னித்துவிட்டாள் மகராசி என்று மகிழ்ந்தோம். ஆனால் புதன்கிழமை வந்ததே, அப்போது அந்தக் கோபம் எங்கே போயிற்று? போகவில்லை. வெள்ளிக்கிழமையும் வந்தது. கோபமும் கூடவே வந்தது.

நான்காவது வாரம், புதன்கிழமை. கணவர் இறந்த அதே தேதி. கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அக்கா, நான்தான்" என்று குரல் வந்தது. செல்வமேரி எழுந்திருக்கவில்லை. மிஷின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான்கு முறை தட்டிவிட்டுக் கிருபா போய்விட்டார்.

அந்த நிமிடத்தைப் பற்றி நான் கேட்டபோது செல்வமேரி சொன்னார்: "சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன் சார். இல்ல. சுவத்துல சிலுவ இருக்கு. அத நிமிந்து பாக்க முடியல. நான் ஆண்டவருக்குச் செஞ்சதையெல்லாம் அவர் கணக்குல வெச்சிருந்தா, எனக்கு எந்தக் கதவு தெறந்திருக்கும்?"

எழுந்தார். ஏழு மாத்திரையை எடுத்தார். மூன்று வருடத்துக்கு மேலாக மிதிக்காத, கிருபா வீட்டுத் தெருவில் நடந்தார். அங்கே என்ன பார்த்தார் தெரியுமா? கிருபா வாசற்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். கணவர் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டப் போயிருக்கிறார். பெற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செல்வமேரி அந்தப் படியிலே, பக்கத்திலே உட்கார்ந்தார்.

"வூட்லதான் இருந்தியாக்கா?" என்றார் கிருபா.

"இருந்தேன். தெறக்கல."

"தெரியும். நான் செஞ்சதுக்கு..."

"கிருபா, எனக்கு இன்னும் கோவம் போகல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரையப் போடு. என் மனச நம்பி நான் வரல. என்ன மன்னிச்சவர் இருக்காரு, அவர நம்பித்தான் வந்தேன். வெள்ளிக்கெழம கதவத் தெறந்து வெக்கிறேன்."

கிருபா ஒவ்வொன்றாக விழுங்கினார். டம்ளரில் தண்ணீர் தீர்ந்ததும் செல்வமேரியே உள்ளே போய் மொண்டு வந்தார். ஏழாவது மாத்திரைக்குப் பிறகுதான் கிருபா அழுதார்.

ஆறு மாதம் மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. கடைசியாக எக்ஸ்ரே எடுத்தவன் நான். இருவரும் சேர்ந்துதான் வந்தார்கள். அங்கிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அடக்கத்துக்கு வராத கிருபா, அன்றைக்குத் தேவசித்தத்தின் கல்லறைக்கு முன்னால் முழங்காலிட்டார்.

அன்பானவர்களே, கோபம் எந்த நாளில் போயிற்று என்று செல்வமேரிக்குத் தெரியாது. "ஒருநாள் தேடிப் பாத்தேன், காணோம் சார்" என்கிறார். அதுதான் சிலுவையின் வல்லமை. கல்வாரியில் சிந்திய இரத்தம் காய்ந்துபோன கறை அல்ல. அது இன்றும் ஓடுகிற ஊற்று. நம் அன்பு தீர்ந்துபோகிற இடத்தில்தான் அவர் அன்பு தொடங்குகிறது. நம்மால் முடியவில்லை என்று உட்கார்ந்துவிடுகிற நாளிலேதான் அவர் நம்மை எழுப்பி நடத்துகிறார். ஒருமுறை கொடுத்த உயிர், ஒவ்வொரு நாளும் நம்மை உயிர்ப்பிக்கிறது!

உங்கள் கோபம் போகும்வரை காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே நடந்து போங்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மற்றதை, உயிரைக் கொடுத்தவர் பார்த்துக்கொள்வார்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கும், பேச இடம் தந்த சபைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இன்றிரவு உங்கள் வீடுகளில் ஆண்டவரின் சமாதானம் தங்கட்டும். வணக்கம்.