துண்டுத்துணி அறை

அந்தக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. சித்திரை வெயிலில் இந்த அறை புழுங்குகிறது. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

என் பெயர் திலகவதி. கீரனூர் ரோட்டில் இருக்கும் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். வெளிநாட்டுக் கடைகளுக்குப் பெண்கள் சட்டை தைக்கிறோம். பதினைந்து நாளுக்கு ஒரு புது டிசைன் வரும். அதற்குள் பழையதை அங்கே வாங்கியவர்கள் குப்பையில் போட்டிருப்பார்களாம். அந்த அவசரத்துக்கு ஆள் பற்றுவதில்லை. அதனால்தான் குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து கலைமதியைச் சேர்த்தேன். பதினான்கு வயது. கம்பெனி வேனில் என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

அன்று ஆடிட். சட்டை வாங்குகிறவர்கள் அனுப்பிய அம்மாள் ஒருவர் வந்தார். சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று பார்ப்பார். கலைமதி கண்ணில் பட்டால் ஆர்டர் போய்விடும். இருநூறு பெண்கள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பின்பக்கம், வெட்டி மிஞ்சிய துண்டுத்துணியைப் போடும் அறை இருக்கிறது. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. பாலியஸ்டர் மூட்டைகள் கூரையை முட்டும். சாய நெடி கண்ணைக் கரிக்கும். அங்கே அவளை இருக்கச் சொன்னேன்.

“பூட்டாதீங்கக்கா. பயமா இருக்கு. சத்தங் காட்டாம இருந்துக்கிறேன்.”

“அரை மணி நேரந்தான் தாயி. வந்துருவேன்.”

பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பூட்டாவிட்டால் வெளியே வந்துவிடுவாள். பிள்ளைதானே.

வந்த அம்மாள் நிதானமானவர். அரை மணி நேரம் என்பது நாலு மணி நேரம் ஆனது. பன்னிரண்டரை மணிக்கு அந்த அறையிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றார். ஜெனரேட்டர் என்றேன். கடைசி மெஷினில் இருந்த அடைக்கலமேரி, “அக்கா, அந்தப் புள்ள” என்று எழுந்தாள். தோளில் கை வைத்து உட்கார வைத்தேன். சும்மா கிடந்த மெஷின்களையும் ஓட்டச் சொன்னேன்.

ஒரு மணிக்கு மேல் தட்டுவது நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியேறும் வழிகள் எல்லாம் சரி என்று அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மணி மூன்று. ஓடிப் போய்த் திறந்தேன். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் மூக்கை வைத்தபடி படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. மூச்சு இல்லை. அன்றிலிருந்து எங்கே கதவு சாத்தினாலும் திறந்து வைக்கச் சொல்கிறேன்.

நடுவில் ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்டீர்கள். போனேன், ஐயா. ஒரு மணிக்குப் போனேன். சாவி கையில்தான் இருந்தது. உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. “அக்கா, தண்ணி” என்றாள். சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் அவள் தட்டவே இல்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை, ஐயா.