தொப்பை ஹேமிஷ் என்ற படகு காணாமற்போனது குறித்து

பெயர் ரோய்மாத்தா பாக்கி, வயது 51, கணவர் பெயர் ஹோனே பாக்கி, விலாசம் ஆற்றுமுகச் சாலை, ஃபகதானே, நியூசிலாந்து. பள்ளியைப் பாதியில் விட்டு மீன் ஆலைக்குப் போனவள். இப்போது மீட்புப் படகுக் குழுவுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் சோதனை வேலை பார்க்கிறேன். பொய்யான அபாயத் தகவல் கொடுத்ததாக மேலாளர் ஹேமிஷ் காரி என்மேல் புகார் சொன்னதால் இதைச் சொல்கிறேன். படகுக்குத் 'தொப்பை ஹேமிஷ்' என்று பெயர் வைத்தது நான்தான். அந்தப் பெயரை வயர்லெஸில் வளைகுடா முழுக்கக் கூவித் தேடியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்படி ஒரு படகு கிடையாது. கடலில் உள்ள படகுகளின் பட்டியல், நேரத்துக்குக் கரை திரும்பாத படகைத் திரையில் சிவப்பாகக் காட்டுகிறதா என்று சோதிக்க நான் உண்டாக்கியது. சோதனைக்கு முன் அதைப் பட்டியலில் ஏற்றவேண்டும், முடிந்ததும் இறக்கவேண்டும். இறக்குவதைத் தனியாக எழுதியிருந்தேன். சோதனை நடுவில் செத்தாலும் அது ஓடும். தான் தின்ற தட்டைக்கூட எடுத்துவைக்காத ஹேமிஷ், அதைச் சோதனையின் கடைசி வரியாக மாற்றினார்.

"சமைக்கிறவனே மயங்கி விழுந்தா சட்டிய யாரு தம்பி கழுவுறது?" என்று கேட்டேன்.

"என் சோதனை விழாது ஆன்ட்டி. இது மீன் ஆலை இல்ல," என்றார்.

அதன் பின்பு வெள்ளி மாலை அவர் அவசரத்தில் சோதனையை நிஜப் பட்டியலிலேயே ஓட்டி, அது நடுவில் விழுந்து, கடைசி வரி வராமற்போக, அதைப் பாராமல் பீர் குடிக்கப் போனார். அதன் பின்பு சனி காலை மீட்புக் குழுவின் கண்காணிப்பாளர் அறைக்கு வந்து சிவப்பைக் கண்டு மீட்புப் படகை அனுப்பினார். அதில் என் கணவரும் போனார். கண்காணிப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன், பட்டியலில் சிவப்பு இருக்கும்வரை திருப்பிக் கூப்பிட முடியாது என்றார். அதன் பின்பு ஹேமிஷுக்குப் போன் செய்தேன்.

"உன் தொப்பையத் தேடி என் புருசன் கடல்ல அலையறாரு. உன் குப்பைய நீயே வந்து அள்ளு."

"கத்தாதீங்க ஆன்ட்டி. ஒரே வரி, துடைச்சிடறேன்."

துடைத்தார். பொய்ப் படகோடு பட்டியலில் இருந்த எல்லாப் படகுகளையும் துடைத்தார். மீட்புப் படகின் பெயரும் அதில் போயிற்று. பட்டியல் காலியானதால் எல்லோரும் கரை சேர்ந்தார்கள் என்று கொண்டு, கண்காணிப்பாளர் அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அதன் பின்பு மீட்புப் படகு மணல் திட்டில் ஏறி நின்று வயர்லெஸில் கூப்பிட்டது. யாரும் எடுக்கவில்லை. கடல் ஏறியதும் அவர்களாகவே வந்தார்கள். என் கணவர் ஒற்றைச் செருப்போடு வந்தார்.

வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. மேலே உள்ளதில் படகு ஒன்றுதான் பொய்.

(ஒப்பம்) ரோ. பாக்கி