உட்கார்ந்த வரிசை

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! நமது வாகன ஓட்டுநர் நலச் சங்கத்தின் துணைத்தலைவர் அருணகிரி அவர்களே! முன்வரிசையில் துயரமே உருவாக அமர்ந்திருக்கும் சகோதரி மேரி அவர்களே, மகள் ஜெனிஃபரே! நாவலூரிலிருந்தும் சிறுசேரியிலிருந்தும் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் சங்கத் தலைவர் காசிநாதனின் வணக்கம்.

நம் பொருளாளர், அண்ணன் தேவசகாயம் இல்லாமல் நடக்கும் முதல் கூட்டம் இது. வாசல் பேனரில் 'தவறி விழுந்து மறைந்தார்' என்று அச்சடித்திருக்கிறார்கள். தவறியா விழுந்தார்? யார் தவறு அது? இன்று அதைத்தான் பேசப்போகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் இப்போதே புறப்படலாம், எனக்கு வருத்தமில்லை.

அண்ணன் கம்பெனி வேன் ஓட்டினார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் சாயங்காலம்வரை நமக்கு என்ன வேலை? நாமெல்லாம் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவோம். அவர் மட்டும் நாவலூர் சூப்பர் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டிருப்பார். கேட்டால், "உள்ள ஏசி கீது மச்சான். சும்மா சுத்தினா டப்பு கேக்கமாட்டான்" என்பார். நாம் சிரித்தோம்.

அந்தக் கடையில் மாதத்தின் முதல் ஞாயிறு தள்ளுபடி விற்பனை. போன மாதம் சாமான் வாங்கியவர்களுக்குக் கைபேசியில் கூப்பனும் வரும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது என்றுதானே நினைத்திருந்தோம்? அண்ணன் கூப்பனின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். தள்ளுபடிப் பொருளுக்குக் கூப்பன் செல்லாது, ஆனால் காலை எட்டு மணியிலிருந்துதான் செல்லாது! கடை திறப்பதோ ஏழு மணிக்கு. அந்த ஒரு மணி நேரத்தில் தள்ளுபடி விலையிலிருந்தும் கூப்பன் கழியும். எண்ணெயும் பருப்பும் பாதி விலைக்குக் கீழே வரும்!

கண்டுபிடித்தவர் மூடி வைத்துக்கொண்டாரா? "எனக்கு மட்டும் வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறேன்? எண்ணெயில குளிக்கவா?" என்று சொல்லி, எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் போட்டார். எத்தனை வீடுகளில் மாதக்கடைசி பயமில்லாமல் கழிந்தது! எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் நேரத்துக்குக் கட்டினோம்! மறந்துவிட்டதா?

கூட்டம் பெருகியது. நெரிசல் வரும் என்று முதலில் பயந்தவரும் அவர்தான். அதற்கு அவர் செய்த ஏற்பாடுதான் உட்கார்ந்த வரிசை. ஷட்டர் முன்னால் சாக்பீஸால் கோடு கிழிப்பார். "குந்து நைனா, குந்து. குந்திகினு இருக்கறவன் எப்டி தள்ளுவான்?" என்பார். அடுக்குமாடிக்காரர்கள்கூட கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் முதலில், பிறகு பத்துப் பத்துப் பேராக. ஒருவர் மேல் ஒரு நகக்கீறல் பட்டதுண்டா? சொல்லுங்கள்!

இந்த மாதம் என்ன நடந்தது? கடை மேலாளர் ஹரிஹரன் மைக்கைக் கையில் எடுத்தார். "கூப்பன் மொதல்ல வர்ற நூறு பேருக்கு மட்டும்தான்" என்றார். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. வரிசையில் ஒருவர் எழுந்தார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். அவரைப் பார்த்து அடுத்தவர் எழுந்தார். அவ்வளவுதான்.

அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "குந்துங்கப்பா! கொழந்த கீது, குந்துங்கப்பா!" என்று கத்தினார். கைக்குழந்தையோடு முன்னால் இருந்த பெண்ணை என் பக்கம் தள்ளிவிட்டார். நானும் அவளும் தூணோடு ஒண்டிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபோது அவருடைய கைகளைக் காணவில்லை. கால்கள்தான் தெரிந்தன, அவருடையவை அல்ல, உங்களுடையவை.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. அதைவிடவும் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது, உள்ளே பில் போடும் சத்தம் நிற்கவில்லை. நான் சொல்வது கேட்கிறதா? அவர் தரையில் கிடந்தார், உள்ளே பில் போட்டுக்கொண்டிருந்தார்கள்! அந்த எண்ணெயில்தான் இந்த இரண்டு வாரமாக நம் தெருக்களில் தாளிக்கும் வாசம் வருகிறது.

பிறகு ஹரிஹரன் மாலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார். "சார் போட்டோ ஒண்ணு குடுங்கம்மா, பேனர்ல போடணும்" என்று கேட்டார். அண்ணன் மனைவி மேரி கதவைச் சாத்தினார். போட்டோ இல்லாமலே பேனர் வந்துவிட்டது. நாவலூர் சிக்னலில் பார்த்திருப்பீர்கள். 'நினைவுச் சலுகை! வரும் ஞாயிறு! இரட்டைக் கூப்பன்! அரை மணி நேரம் மட்டும்!' யாருடைய நினைவு? ஒரு மணி நேரத்துக்கே ஒரு உயிர் போனது. அரை மணி நேரத்துக்கு எத்தனை?

இதோ, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே ஒரு கைபேசி அதிர்கிறது. இங்கே இன்னொன்று. அதோ அந்த வரிசை முழுக்க. எடுத்துப் பார்க்கவேண்டாம் தோழர்களே, என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் சட்டைப் பையிலும் அந்தக் கூப்பன் வந்திருக்கிறது.

போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் போவீர்கள். வாடகை அப்படி, விலைவாசி அப்படி. நேற்று ஜெனிஃபர் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், ஞாயித்துக்கெழம யாரு முன்னால நிக்கப்போறாங்க?" இந்த மேடையில் சொல்கிறேன், மகளே. நான் நிற்பேன். அருணகிரி நிற்பார். அண்ணன் கிழித்த இடத்திலேயே கோடு கிழிப்போம். எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நான்கு கைகளால் உங்களைத் தடுக்க முடியாது. நீங்கள் உட்கார்ந்தால்தான் உண்டு.

இப்போது ஒரு நிமிட மௌன அஞ்சலி. எங்கும் எழுந்து நிற்கச் சொல்வார்கள். இங்கே யாரும் எழக்கூடாது. நாற்காலியில் இருப்பவர் நாற்காலியில், தரையில் இருப்பவர் தரையில். பொருளாளர் தேவசகாயத்துக்கு இந்தச் சங்கம் கொடுக்கும் வாக்குறுதி இது ஒன்றுதான். தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

யாரது, கதவோரம்? ஐயா, கைபேசியை உள்ளே வையுங்கள். முதல் நூறு பேருக்கு இன்றிரவே டோக்கன் என்று போட்டிருந்தாலும் போகட்டும். உட்காருங்கள். நீங்கள் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரும் எழுகிறார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். வேண்டாம்! வாசலை மறிக்காதீர்கள், அங்கே குழந்தைகள் இருக்கிறார்கள். உட்காருங்கள்! கும்பிட்டுக் கேட்கிறேன், உட்காருங்கள்!