இரண்டு மேற்கோள் குறிகள்

கணினிக் கோப்புப் பெயர்களில் இடைவெளி விடுவது எனக்குப் பிடிக்காது, ஐயா. சொற்களை அடிக்கோட்டால் இணைத்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். அதற்காக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

சிரம்பானில் எங்கள் தோட்ட நிறுவனத்தின் கோப்புகளெல்லாம் ஒரே கணினிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. யார் எதைத் திருத்தினாலும் பழையதும் அழியாமல் நிற்கும். திருத்தம் நுழைந்தவுடன் அந்தந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு மின்னஞ்சல் போகவேண்டும். அதை அனுப்பும் ஸ்கிரிப்ட், சின்னக் கணினி நிரல், நான் எழுதியது. எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். என்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

ஆனாலும் ஒன்று தப்பிவிட்டது. பெயரில் இடைவெளி இருந்தால் ஸ்கிரிப்ட் அதை அங்கேயே வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் தனிக் கோப்பாக எடுத்துக்கொள்ளும். அப்படிக் கோப்பே இல்லாததால் யாருக்கும் மின்னஞ்சல் போகாது. பிழைச் செய்தியும் வராது.

கண்டுபிடித்தவள் சௌந்தரவல்லி. அலுவலகத்திலும், லோபாக்கில் நடக்கும் கணினி மாலை வகுப்பிலும் என்னோடு இருப்பவள். வட்டிக்கடை வீட்டுப் பெண். நான் தோட்டத்துப் பிள்ளை. தனியாகச் சொல்லியிருக்கலாம். வகுப்பில் சொன்னாள்.

"என்னா கணேசமூர்த்தி, இடைவெளிய கண்டா ஒங்க ஸ்கிரிப்ட்டு குப்புற விழுந்துருதே. எஸ்டேட்டு செம்மண் ரோட்டுல பழகுனது போல லா."

எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றே வீட்டில் சரிசெய்தேன். பெயரை முழுதாகப் பிடித்து இரண்டு மேற்கோள் குறிகளுக்குள் வைத்தால் போதும். சோதித்தேன், விழவில்லை. அலுவலகக் கணினியில் மட்டும் ஏற்றவில்லை. ஏற்றினால், அவள் சொல்லித்தான் திருத்தினேன் என்று ஆகிவிடும்.

"சரி பண்ணிட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். பண்ணிட்டேன் என்றேன். பொய்யில்லை.

பிறகு களைக்கொல்லி புதிய டின்களில் வந்தது. பழையதைவிடப் பல மடங்கு வீரியம். தண்ணீரில் கலக்கும் அளவைக் குறைக்கவேண்டும். சௌந்தரவல்லி என்னை நம்பி, 'ரெம்பாவ் மருந்து அளவு' என்று இடைவெளிவிட்ட பெயரில் இருந்த கோப்பைத் திருத்திச் சேமித்தாள். மின்னஞ்சல் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரெம்பாவ் தோட்டத்துக் கிராணி அமிர்தலிங்கம் போன் செய்தார்.

"தம்பி, புது டின்னு வந்துருக்கு. மெயில் ஒண்ணும் காணோம். பழைய அளவே கலக்கச் சொல்லவா?"

"மெயில் வரலன்னா அளவு மாறலண்ணே."

விதி அதுதான். நான் எழுதிய விதி.

செம்பனைக் கன்றுகள் கருகும், அளவுக் கோப்பு சௌந்தரவல்லியின் பொறுப்பு, அவள் மேனேஜர் முன்னால் தலைகுனிந்து நிற்பாள் என்று நினைத்தேன். மருந்தடிக்கும் பெண்களையும் நினைக்காமல் இல்லை. என் அம்மாவும் மருந்தடித்தவர். முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பு ஒழுகினால் முதுகை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். நினைத்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

ரெம்பாவில் மருந்தடித்த ராக்கம்மாவின் பம்பு ஒழுகியிருக்கிறது. முதுகெல்லாம் வெந்து, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன், ஐயா. 'அனுபவமில்லாதவர், இடைவெளியுள்ள பெயர்களைக் கையாளத் தெரியாததால் நேர்ந்த பிழை, சௌந்தரவல்லி முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்.' இரக்கப்பட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள்.

போடமாட்டேன். திருத்திய ஸ்கிரிப்ட் உள்ள வட்டு இதோ, என் பையில் இருக்கிறது. தேதியைப் பாருங்கள். ராக்கம்மா சாவதற்கு முந்தைய மாதம். நான் தெரிந்துதான் ஏற்றாமல் விட்டேன். தெரிந்துதான் அமிர்தலிங்கத்திடம் அப்படிச் சொன்னேன். ராக்கம்மாவைக் கொன்றவன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்குத் தெரியாது என்ற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.