வடித்துக் கொட்டிய மாக்ரோனி

கல்லூரிக்குப் போக ராயபுரத்தில் டிராமுக்கு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற துறைமுகத் தொழிலாளி தன் கூட்டாளியிடம் குமுறினார்.

“என் பொஞ்சாதி கஞ்சின்னு நெனச்சு வடிச்சுட்டா, மாமு!”

“எத்த?”

“டின் மாக்ரோனிய. ஜுரத்துல கெடந்த கொயந்த ஒண்ணும் துன்னலயேன்னு கப்பல் சாமான் கடையில வாங்கினேன். குழாய் குழாயா மாவு, மேல பாலாடைக் குழம்பு. ருசியே அந்தக் குழம்புதான்னு கடைக்காரன் சொன்னான். அத்தப் போயி ஆட்டுக்கு ஊத்திட்டா! வெறுங்குழாய கொயந்த தொடல.”

“அப்பால?”

“நான் கத்தினதும் கருவாட்டுக் குழம்ப ஊத்திக் கிளறினா. கொயந்த தட்ட வழிச்சுத் துன்னுட்டு, ‘நைனா, நாளைக்கும் வாங்கியா’ங்குது.”

“துன்னுச்சில்ல, வுடு!”

“இன்னாத்த வுடறது? வாங்கினவன் நான். அந்தப் பாலாடை இனிப்பா, உப்பான்னு ஆட்டத்தான் கேக்கணும்!”