பேருந்து நிறுத்தத்து மெழுகுவத்திகள்

மேடையில் இருக்கும் பள்ளி முதல்வர் அவர்களே, பாதிரியார் அவர்களே, ஹில்க்கா அம்மையாரின் தம்பி அவர்களே, ஊர்ப் பெருமக்களே! முன்வரிசையில் அமர்ந்து, என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லோரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

நான் பேச்சாளன் இல்லை. படப்பிடிப்பு விளக்குகளை வாடகைக்கு விடுகிறவன். நம் திரைப்படப் பள்ளியின் ஒளிப்பதிவு ஆசிரியை ஹில்க்கா ரந்தசாலோ அவர்களைப் போல என் வியாபாரத்தைக் கெடுத்தவர் இந்த ஔலு நகரத்திலேயே கிடையாது. அந்த உரிமையில்தான் இங்கே நிற்கிறேன்.

இரவுக் காட்சி என்றால் மற்றவர்கள் என்ன கேட்பார்கள்? பெரிய விளக்கு! அதைவிடப் பெரிய விளக்கு! நானும் வண்டி நிறைய ஏற்றிப்போய் இறக்குவேன். இந்தப் படத்துக்கும் அப்படித்தான், என் கடைக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் அம்மையார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"யோவ் என்சியோ, கல்யாண வீட்டுக்கா கொண்டாந்தே? ஒண்ணு போதும். மிச்சத்த ஏத்து."

"ஒண்ணுல என்னம்மா தெரியும்?"

"அந்தப் பொண்ணு பயப்படுறது தெரிஞ்சாப் போதும். எதிர்ல உன் கடை போர்டு எரியுதே, அத அணை. அது எரியிற வரைக்கும் எனக்கு ராத்திரியே வராது."

"வியாபாரம்மா!"

"நடு ராத்திரியில எந்தக் கரடி உங்கிட்ட விளக்கு வாடகைக்கு எடுக்குது?"

சென்ற மாதம் மாணவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்துச் சாலையோரத்துப் பனியை அள்ளச் சொன்னார். படம் எடுக்க வந்தவர்கள் ஏன் தெரு கூட்டுகிறார்கள் என்று முதல்வரே கேட்டார். வெள்ளையாகக் கிடக்கும் பனி ஒரு சின்ன விளக்கையும் ஊரெல்லாம் வாரியிறைத்துவிடும். அது அம்மையாருக்குத் தெரியும். பிள்ளைகள் முனகினார்கள். அள்ளினார்கள். அன்றைக்குத்தான் இருட்டு என்றால் என்ன என்று அவர்கள் கேமராவில் பார்த்தார்கள்!

இறுதியாண்டுப் படத்தின் கடைசிக் காட்சி அது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் தனியாகத் தன் அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள். காத்திருப்பதை எடுத்தாயிற்று. அப்பாவின் வண்டி வருவதை எடுக்கவில்லை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை அம்மையாரின் இதயம் நின்றுவிட்டது. என்ன கொடுமை!

வருத்தத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? நம் வழக்கப்படி, அவர் நின்று வேலை செய்த அந்த நிறுத்தத்திலேயே மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஊரும் ஏற்றியது. நானும் ஏற்றினேன். இன்று அந்த இடம் திருவிழா போல ஜொலிக்கிறது.

இப்போது மே மாதம். இன்று மேகம் இருப்பதால் இரவு கொஞ்சமாவது இருட்டும். நாளை முதல் வானம் தெளிவாம். அப்புறம் வடதுருவத்துக்குப் பக்கத்திலிருக்கும் நம் ஊரில் ஆகஸ்ட் வரை இரவிலும் வெளிச்சம்தான், இருட்டு ஏது? படத்தை ஜூனில் கொடுத்தாக வேண்டும். வாசலில் ஈரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் படத்துக்குக் கேமரா பிடிக்கிற மாணவி.

"என்சியோ, மெழுகுவத்திய எடுத்தா ஊர் என்ன சொல்லும்? எடுக்கலேன்னா படம் என்னாகும்?"

துக்க விளக்கை அணைப்பது சின்ன விஷயமா? ஆனால் அம்மையார் அங்கே வந்து பார்த்தால் நம்மைக் கும்பிடுவாரா? "எவன்டா ஷாட்டுக்குள்ள தீவட்டி வச்சவன்?" என்று கத்தமாட்டாரா!

தம்பி அவர்களே, உங்களைக் கேட்காமல் இதைச் செய்ய எங்களுக்கு உரிமையில்லை. அணைக்கலாமா?

தலையசைக்கிறீர்கள். நன்றி ஐயா, நன்றி.

பெருமக்களே, காபியும் கேக்கும் எங்கும் ஓடிவிடாது. எல்லோரும் என்னோடு நிறுத்தத்துக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு மெழுகுவத்தியை அணைத்து வீட்டுக்கு எடுத்துப்போங்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உள்ளே ஏற்றிவையுங்கள். அந்தத் தெருக்காரர்கள் வாசல் விளக்கையும் அணையுங்கள். இன்றிரவே அந்தக் காட்சியை எடுக்கும் பிள்ளைகளுக்கு ஏணி பிடிக்க நான் நிற்கிறேன். ஒரே விளக்குதான் கொண்டுபோகிறேன். அவர் தொடங்கியதை அவர் பிள்ளைகள் முடிப்பார்கள். இது உறுதி!

ஹில்க்கா அம்மையாரே, என் கடை போர்டு இன்று எரியாது. உங்களுக்கு ராத்திரி வரும்.