கம்ப்யூட்டரில் வராத பயம்

மைசூர் பஸ் நிலையத்தில் கொள்ளேகால் வண்டிக்காக நின்றிருந்தேன். "கம்ப்யூட்டர் கேம்ல இந்தப் பயம் வராது மாமா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஓர் இளைஞனும் அவனுடைய அக்கா புருஷனும். இருவர் சட்டையிலும் செம்மண் புழுதி. அன்று காலை கார் பந்தயத்தில் மாமா ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைச் சொன்னவன் இவன் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"கம்ப்யூட்டர்ல எத்தனை தடவை ஜெயிச்சிருக்கேன்! செவுத்துல இடிச்சாக்கூட வண்டி திரும்பி ரோட்டுக்கு வந்துரும். இங்க முதல் வளைவுலயே பள்ளம் தெரிஞ்சுது. திருப்பம் சொல்ல நாக்கு எழும்பல. நிறுத்துங்கன்னு கத்தத்தான் வந்துது."

"ஆயித்து, நடந்தது நடந்துபோச்சு, விடு மாப்ள."

"எல்லாரும் பார்க்க எறங்கி நடந்தேன். சிரிச்சாங்க. உங்க ரேஸும் போச்சு. அக்காகிட்ட என்னன்னு சொல்றது? ஜெயிச்சுட்டுத்தான் வருவோம்னு வீடு பூரா சொல்லி வச்சேனே."

"எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து அப்பவே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நான் பயந்து வண்டிய நிறுத்திட்டேன்னு."

பஸ் வந்ததும் மாமா முண்டியடித்து ஏறி, துண்டைப் போட்டு இடம் பிடித்து, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"நீங்க போங்க மாமா" என்றான், தலையை நிமிர்த்தாமல். "நான் அடுத்த பஸ்ல வர்றேன்."